நான் நட்ட அபாயம்

ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் வந்தது. அந்த ஒரு நாளை என் குடும்பம் இன்னும் மன்னிக்கவில்லை. ஊர் எப்போதோ மன்னித்துவிட்டது. ஊருக்கு மறதி அதிகம். குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் (நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) எழுத்து வேலை. எங்கள் ஊர் திண்டிவனத்துக்குத் தெற்கே ஒன்பது மைலில், விழுப்புரம் போகும் டிரங்க் ரோட்டிலிருந்து சற்று உள்ளே இருந்தது. தினமும் சைக்கிளில் ஒன்பது மைல் போய் ஒன்பது மைல் வருவேன். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ரோட்டோரப் பலகைகளைப் படிப்பதுதான் ஒரே பொழுதுபோக்கு.

அந்த ரோட்டுப் பலகைகள் இருக்கின்றனவே, அவற்றை யார் எந்த மனநிலையில் நட்டார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஓரிடத்தில் இரண்டு பிள்ளைகள் கைகோத்து ஓடுகிற படம் இருக்கும். சுற்றிலும் மூன்று மைலுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. ஒரு காலத்தில் இருந்ததாம். புயலில் கூரை போனதும் வாத்தியார் வேறு ஊருக்கு மாறிவிட்டார், பலகைப் பிள்ளைகள் மட்டும் அவரைத் தேடி ஓடிக்கொண்டே இருந்தார்கள். இன்னோரிடத்தில் 'ஒலி எழுப்பவும்' என்று இருக்கும். எதிரே சுடுகாடு. பஸ் டிரைவர்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அங்கே நீளமாக ஹாரன் அடிப்பார்கள். (யாரை எழுப்ப என்று ஒருவரும் கேட்டதில்லை.) குறுகிய பாலம் வருகிறது என்ற எச்சரிக்கை, பாலத்தைத் தாண்டி இருபது கஜத்தில் நின்றது. பிழைத்து வந்தவனுக்கு வாழ்த்துச் சொல்வதுபோல.

வளைவு நெளிவைக் காட்ட நெளிநெளியாக ஒரு கோடு போட்டிருப்பார்களே, அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டி, தடியால் தரையைத் தட்டிக்கொண்டே நடப்பார். கேட்டால், "பாம்பு ஜாஸ்தின்னு சர்க்காரே போர்டு வச்சிக்கினு கீறான், நீ இன்னான்னா கேள்வி கேக்கற" என்பார். மைல் போய்க் கிலோமீட்டர் வந்த சமயம் வேறு. பழைய கல்லில் விழுப்புரம் பதினான்கு என்று இருந்தது, புதுக் கல்லில் இருபத்திரண்டு ஆனது. டீக்கடையில் ஒரு வாரம் தர்க்கம் நடந்தது. விழுப்புரம் தள்ளிப் போய்விட்டது என்ற கட்சிதான் கடைசியில் ஜெயித்தது.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் சிரித்தவன் அதோடு நின்றிருக்கலாம். எங்கள் ஊரில் ஓர் இளைஞர் தொண்டர் சங்கம் இருந்தது. தலைவர் வாடகை சைக்கிள் கடை ரங்கசாமி. பஞ்சர் ஒட்டும்போதுகூட 'நண்பர்களே' என்றுதான் ஆரம்பிப்பார். செயலாளர் நான். எங்கள் ஊர் மண்சாலை டிரங்க் ரோட்டில் சேரும் இடம் ஒரு மோசமான முக்கு. ரோடு அங்கே திடீரென்று வளையும். பக்கத்தில் பள்ளம். கரும்பு வண்டிகள் இரண்டு அந்த வருஷமே அங்கே கவிழ்ந்திருந்தன. சிரமதானம் செய்து அங்கே ஓர் எச்சரிக்கைப் பலகை நடுவது என்று சங்கம் முடிவு செய்தது. ரோட்டு இலாகா ஓவர்சியரைப் போய்ப் பார்த்தோம். அவர் வெறும் தகரப் பலகை ஒன்றைக் கொடுத்து, "அபாயம்னு எழுதிக்கோங்க. ஞாயித்துக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நானே வந்து திறந்து வைக்கறேன்" என்றார்.

அவர் சொன்னபடி எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். "எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரனுக்கு அபாயம்னு எழுதி இன்னா பிரயோஜனம்? படம் வேணும்" என்றேன். கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டல் ஆகாது, புத்தி மங்கிவிடும். மூன்று நாள் உட்கார்ந்து, மண்டி வாசல் கரண்டு கம்பத்தில் தொங்கும் தகரத்தை மாதிரியாக வைத்து, ஒரு மண்டையோடு வரைந்தேன். கம்பத்து மண்டையோடு உள்ளங்கை அகலம்தான். என்னுடையது தாம்பாளம் அகலம். கண்குழிக்குள் கொஞ்சம் சிவப்புப் போட்டேன். பல் முப்பத்திரண்டையும் தனித்தனியாக எண்ணி வைத்தேன். எல்லாம் முடிந்து நிமிர்த்திப் பார்த்தால் அது சிரித்தது. தலைவர் ரங்கசாமி வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நண்பரே, இதில் என் ஜாடை எதற்கு?" என்று கேட்டார். அப்படி எண்ணம் எனக்கு இல்லவே இல்லை. (இருந்தது.)

இப்போது எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதே ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு என் அக்கா சரோஜாவைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வருகிறார்கள்.

அக்காவுக்கு அப்போது இருபத்து நாலு. எங்கள் பக்கத்தில், அந்தக் காலத்தில், அது அடுத்தவர்கள் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பிக்கும் வயது. அதுவரை மூன்று இடம் வந்து போயிருந்தது. முதல் இடம், வாசலில் பூனை குறுக்கே போனதால் போனது. இரண்டாவது, பல்லி சொன்னதால். மூன்றாவது, தட்டை நீட்டும் நேரத்தில் யாரோ தும்மியதால். (தும்மியது நான். அது தனிக்கதை.) மாப்பிள்ளைகளின் போட்டோ வரும்போதெல்லாம் அக்கா வாய்விட்டுக் கிண்டல் செய்வாள். இவன் காது என்ன முறம் மாதிரி இருக்கிறது, இவன் போட்டோவிலேயே கொட்டாவி விடுகிறான் என்று. ஆனால் இந்த விழுப்புரத்துப் போட்டோ வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு மாவு சலிக்கப் போய்விட்டாள். வீட்டில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பெயர் ஏழுமலை, சர்க்கார் உத்தியோகம் என்று தரகர் சொன்னார். என்ன உத்தியோகம் என்று கேட்டால் அதுவும் சகுனத் தடை ஆகிவிடுமோ என்று பயந்து நாங்கள் கேட்கவில்லை.

தாய்மாமன் பொன்னுசாமிதான் அவர்கள் வீட்டில் எல்லாம் என்றும், ஆள் சகுனம் பார்ப்பதில் மகா கறார் என்றும் தரகர் முன்னாலேயே எச்சரித்திருந்தார். அதனால் நைனா (எங்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இரண்டு நாளாகத் தெருப் பூனைகளைப் பிடித்துச் சாக்கில் போட்டு, ஏரிக்கரைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். எனக்கு அவர் கொடுத்தது ஒரே வேலை.

"நீ அந்த முக்குலதானே போர்டு நட்டுக்கினு இருக்கப் போற. பிளஷர் வந்தா வழி காட்டிக் கூட்டிக்கினு வா. அவ்ளோதான்."

பிளஷர் என்றால் வாடகைக் கார். அப்போது எந்தக் காரும் எங்களுக்குப் பிளஷர்தான்.

காலையில் கிளம்பும்போது அக்கா பின்கட்டில் என்னை மறித்தாள். தலைக்குக் குளித்து ஈரத் துண்டு கட்டியிருந்தாள்.

"டேய், இது நாலாவது தடவைடா."

"தெரியும் கா."

"இனிமே என்னால ஒவ்வொரு தடவையும் பட்டுப் பொடவைய மடிச்சுப் பொட்டியில வைக்க முடியாது. பூனையெல்லாம் நைனா புடிச்சுட்டாரு. குறுக்க வர்றதுக்கு மிச்சம் இருக்கறது நீ ஒருத்தன்தான். பதினோரு மணி வரைக்கும் மனுஷனா இரு."

"நான் இன்னாக்கா பண்ணப் போறேன்? ரோட்டோரம் நிக்கப் போறேன்."

"அதான் பயமா கீது" என்றாள்.

ஒன்பதரை மணிக்குப் பலகை நட்டாயிற்று. ஆறடிச் சவுக்குக் கம்பத்தில் ஆணி அடித்து, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, கல்லும் மண்ணும் போட்டு நானே உலக்கையால் இடித்தேன். முக்கு திரும்பும் எவன் கண்ணிலும் அது விழாமல் தப்ப முடியாது. சுண்ணாம்பு அடித்த கல் நான்கு சுற்றிலும் வைத்தோம். பிறகு தொண்டர்கள் எட்டுப் பேரும் பனைமரத்தடியில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டே எங்கள் பலகையை ரசித்துக்கொண்டிருந்தோம்.

பத்தரை இருக்கும். தெற்கேயிருந்து ஒரு கறுப்புக் கார் வந்தது. முக்கில் வேகம் குறைந்தது. பலகைக்கு நேர் எதிரே நின்றே போனது. முன் கதவு திறந்து, தலைப்பாகை கட்டிய ஒருவர் இறங்கினார். பலகையைப் பார்த்தார். மண்டையோடும் அவரைப் பார்த்தது. அவர் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, விழுந்தடித்து வண்டிக்குள் ஏறினார். வண்டி ரிவர்ஸில் வந்து, வளைந்து, வந்த வழியே தெற்கே பறந்தது.

பனைமரத்தடியில் ஒரே ஆரவாரம்.

"நண்பர்களே! முதல் வெற்றி!" என்று தலைவர் கூழ்ச் சொம்பைத் தூக்கிக் காட்டினார். "ஒருவன் பயந்து திரும்பியே போய்விட்டான்!"

எல்லாரும் கைதட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவன் நான். எழுந்து நின்று தட்டினேன். போகிற காருக்குக் கையைக் காட்டி டாட்டா வேறு சொன்னேன்.

அப்போதுதான் காரின் பின் கண்ணாடியில் எனக்கு ஒன்று தெரிந்தது. ஒரு தாம்பாளம். அதில் சீப்போடு வாழைப்பழம். ஒரு பந்து மல்லிகைப்பூ. அதைச் சரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள், பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைச் சட்டை.

என் இரண்டு கையும் தட்டிய நிலையிலேயே நின்றன. அரைமணி நேரம் முன்னதாக வந்துவிட்டார்கள். வழி காட்ட வேண்டியவன் கூழ் குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதில் அவன் வரைந்த மண்டையோடு வழி காட்டிவிட்டது.

பயம் வந்தால் சிலருக்குக் கால் ஓடாது, சிலருக்கு நாக்கு ஓடாது. எனக்கு மூளை மட்டும் நின்றுவிட்டு மற்ற எல்லாம் ஓடும். பலகையைச் சுற்றி மூன்று தரம் ஓடினேன். அதற்குள் ஊர்ப் பக்கமிருந்து நைனா வேகவேகமாக நடந்து வந்தார். புது வேட்டி, நெற்றியில் திருநீறு.

"இன்னாப்பா, இந்தப் பக்கம் பிளஷர் எதுனா வந்துச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் முந்திக்கொண்டார். "வந்தது ஐயா! நம்முடைய பலகையைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போய்விட்டது! எல்லாம் உங்கள் மகனின் திறமை!"

நைனா பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

"பெட்ரோல் போடப் போயிருக்காங்க நைனா" என்றேன். "தோ, கூட்டிக்கினு வர்றேன்."

"பெட்ரோல் பங்க் திண்டிவனத்துல கீது. அவங்க விழுப்புரம் பக்கமா போயிருக்காங்க."

"அங்க... அங்க பெட்ரோல் நல்லா இருக்கும்."

நைனா ரோட்டோரம் அப்படியே குந்தினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உங்கக்கா எட்டு மணியிலேர்ந்து பொடவை கட்டிக்கினு உக்காந்து கீதுடா" என்று மட்டும் சொன்னார்.

அவ்வளவுதான், நான் போய்ப் பலகையைக் கட்டிப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தேன். அதை எதற்காகப் பிடுங்கினாய் என்று இருபத்தைந்து வருஷமாக எல்லாரும் கேட்கிறார்கள். அவர்கள் திரும்பி வரும்போது அது அங்கே இருக்கக் கூடாது என்று தோன்றியது. இது வெறும் தகரம்தான் என்று காட்ட வேண்டும் என்றும் தோன்றியது. பக்கத்து வயலில் தூக்கிப் போட்டிருக்கலாமே என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் பிடுங்க வந்தால்தானே? நான் வாழ்நாளில் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அந்தக் குழியை இடித்ததுதான்.

"நண்பரே, இது அரசாங்கச் சொத்து! பன்னிரண்டு மணிக்கு ஓவர்சியர் வருகிறார்!" என்று தலைவர் கம்பத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். நான் இழுக்க, அவர் இழுக்க, அவர் இழுத்த வேகத்தில்தான் கம்பம் கடைசியில் பெயர்ந்தது. அவர் பள்ளத்தில் உட்கார்ந்தார். நான் கம்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டேன்.

இந்தக் காட்சியை நீங்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஒரு கையில் ஹேண்டில்பார். இன்னொரு கையில், தோளுக்கு மேல் ஆறடிக் கம்பம். அதன் உச்சியில், ஒவ்வொரு மிதிக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும் ஒரு மண்டையோடு. மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர் வண்டியை ஓரங்கட்டி இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு கிணற்று மேட்டில் ஐந்தாறு பெண்கள் குறுக்கே வந்து சைக்கிளை மறித்தார்கள்.

"திருவக்கரைக்கா சாமி?" என்றாள் ஒருத்தி.

அப்போதுதான் விளங்கியது. திருவக்கரைக் காளிக்கு வேண்டிக்கொண்டு போகிறவன் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை என்று சொல்லி விளக்க நேரமில்லை. "ஆமாம்மா, வழி விடுங்க" என்றேன். அது தப்பு. வேண்டுதல்காரனை அப்படிச் சும்மா அனுப்புவார்களா? ஒருத்தி குடத்துத் தண்ணீரில் மஞ்சள் கரைத்து என் காலில் ஊற்றினாள். இன்னொருத்தி வேப்பிலைக் கொத்தைக் கம்பத்தில் கட்டினாள். மூன்றாமவள் முந்தானையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் எடுத்துப் பலகை ஆணியில் குத்தி, குங்குமத்தைக் குழைத்து மண்டையோட்டின் நெற்றியில் ஒரு பொட்டும் வைத்தாள். "எம் மவளுக்கும் ஒரு வழி பொறக்கணும்னு ஆத்தாகிட்ட சொல்லு சாமி" என்று காலில் விழப் போனாள். நான் சைக்கிளோடு குதித்து ஓடினேன். என் அக்காவுக்கே நான் வழியை அடைத்துவிட்டு வந்திருக்கிறேன், நான் எங்கே போய்ச் சொல்ல?

இன்னும் அரை மைல். வளைவு திரும்பினால், புளியமரத்தடியில் பிளஷர். பானெட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து வாடகைக் கார்கள் மனுஷரைவிட அடிக்கடி தண்ணீர் குடிக்கும். என் அதிர்ஷ்டம், எங்கள் தயவால் அது தலைதெறிக்க ஓடிக் கொதித்துப் போயிருந்தது.

தலைப்பாகைக்காரர், அதாவது தாய்மாமன் பொன்னுசாமி, மரத்தடியில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். என்னை என்றால் என்னையல்ல, எனக்கு மேலே ஆடிக்கொண்டிருந்ததை. வெற்றிலை கீழே விழுந்தது.

"டேய் டிரைவரு! எட்றா வண்டிய! பின்னாலயே வந்துக்கினு கீதுடா!"

"எங்க எடுக்கறது?" என்றார் டிரைவர். "தண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் ஆவணும். இல்லாங்காட்டி எறங்கித் தள்ளு."

பொன்னுசாமி காருக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு, கம்பத்தை ஊன்றிக்கொண்டு கார் ஜன்னலருகே போய் நின்றேன். மூன்று மைலாக மனத்துக்குள் தயார் செய்துகொண்டு வந்த அழகான வாக்கியங்கள் எல்லாம் காணாமல் போயிருந்தன.

"ஐயா, இது சகுனம் இல்லீங்க" என்றேன் மூச்சு வாங்க. "தகரம்."

"யாருடா நீ?"

"பொண்ணோட தம்பிங்க."

பொன்னுசாமி ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சமே கொஞ்சம் இறக்கினார். மஞ்சள் கால், வேப்பிலை, எலுமிச்சம்பழம், மண்டையோட்டின் நெற்றிப் பொட்டு, எல்லாவற்றையும் பார்த்தார். "பொண்ணோட தம்பியா? எதுருகொண்டு அழைக்க இதையா தூக்கிக்கினு வந்த? உங்க ஊர்ல சந்தனம், பன்னீரு எதுவும் கெடைக்கிலியா?"

அந்த நேரத்தில் பானெட்டுக்குப் பின்னாலிருந்து ஒருவர் நிமிர்ந்தார். வெள்ளைச் சட்டைக் கையை மடித்து, குடத்தோடு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர். மாப்பிள்ளை ஏழுமலை. அதுவரை பெரியவர்கள் எதிரில் வாய் திறக்காத மரியாதைக்காரர். குடத்தை வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பலகையின் எதிரே வந்து நின்று, ஆசாரி மரத்தைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு வரைஞ்சது?"

"நான்தாங்க."

"எலும்பு ரெண்டும் மண்டைக்குப் பின்னால போவணும். நீ மூக்குக்குக் கீழ போட்டுட்ட. மீசை மாதிரி கீது."

"சரிங்க."

"பல்லு இத்தினி வேணாம். எங்க போர்டுல எட்டுதான் இருக்கும்."

"எங்க போர்டுன்னா?"

"நான் லைன்மேனுங்க" என்றார். "கரண்டு ஆபீசு."

அக்காவுக்கு வந்த மாப்பிள்ளை என்ன உத்தியோகம் என்று எங்கள் குடும்பத்தில் முதலில் தெரிந்துகொண்டவன் நான்தான்.

ஏழுமலை காரின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "மாமா, நான் நாளுக்கு இருவது தடவை இது மூஞ்சியிலதான் முழிக்கறேன். இதப் பார்த்துட்டு எவனும் சாவலை. எங்க செட்டுல ஒருத்தன் போய்ச் சேர்ந்தான், அந்தக் கம்பத்துல இது இல்ல. இத நட்டு வச்ச வூட்டுல பொண்ணு எடுக்கலாம் மாமா."

ரேடியேட்டர் கொப்பளித்தது. காருக்குள்ளிருந்த அம்மாள், மாப்பிள்ளையின் தாயார், தம்பியைப் பார்த்து, "எனக்கும் பசிக்குதுடா. பலகாரம் பண்ணி வச்சிருப்பாங்க, ஆறிடும்" என்றாள்.

பொன்னுசாமிக்கும் மனசு இளகியது தெரிந்தது. ஆனால் வண்டியைத் திருப்பச் சொன்ன அதே வாயால் எப்படிப் போகலாம் என்பார்? கௌரவம் இருக்கிறதே. கண்ணை மூடி யோசித்தார்.

"சகுனம் தடையானா இன்னா மொறை? எறங்கி, உக்காந்து, தண்ணி குடிச்சிட்டு, மறுபடி கெளம்பணும். தண்ணி யாருனா குடிச்சமா?"

"இல்லியே" என்றாள் அம்மாள். "அவசரத்துல கூஜாவ வச்சிட்டு வந்துட்டோம்."

"வண்டி குடிச்சுது மாமா" என்றார் ஏழுமலை. "ஒரு கொடம்."

"ரெண்டு கொடம்" என்றார் டிரைவர், தொழில் சுத்தத்தோடு.

ஐகோர்ட்டு நீதிபதி தீர்ப்புச் சொல்வதற்கு முன் எடுத்துக்கொள்ளும் நேரம் எடுத்துக்கொண்டார் பொன்னுசாமி. "முன்னால போய்ச் சகுனத்தப் பார்த்தது வண்டிதான். நாம உள்ள உக்காந்திருந்தோம். அது நின்னு, தண்ணியும் குடிச்சிட்டதால தடை தீர்ந்துச்சு. ஆனா ஒண்ணு." ஜன்னல் வழியே விரலை நீட்டினார். "நீ பின்னால வா. முன்னால வந்தே, கல்யாணம் கெடையாது."

திரும்பி வரும் மூன்று மைலும் அந்தக் காரின் புழுதியை முழுக்கச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக எதையும் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை.

எங்கள் முக்குக்கு வந்தால் அங்கே கூட்டம். பள்ளத்துக்குள் ஒரு ஜீப் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பலகையைத் திறந்து வைக்க வந்த ஓவர்சியர், பலகை இல்லாததால் வளைவு தெரியாமல், நேராகப் பள்ளத்தில் இறங்கியிருந்தார். அடி ஒன்றும் இல்லை. முழங்கால் வரை சேறு. தலைவர் ரங்கசாமி அவருக்குப் போட வேண்டிய ரோஜா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கரையில் நின்றார்.

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். என் தோளில் இருந்ததையும், அதிலிருந்த எலுமிச்சம்பழத்தையும் பார்த்தார்.

"எங்கய்யா எடுத்துக்கினு போன?"

"தண்ணி காட்டிக் கூட்டி வந்தேங்க" என்று ஏதோ உளறினேன்.

ஏழுமலைதான் சட்டையைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார். கயிறு கட்டத் தெரிந்த ஆள். பிளஷரில் ஒரு முனை, ஜீப்பில் ஒரு முனை, நாங்கள் எட்டுப் பேரும் நைனாவும் பின்னால். முக்கால் மணி நேரத்தில் ஜீப் மேலே வந்தது. வந்ததும் ஓவர்சியர் செய்த முதல் காரியம், பலகையை வாங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு, "இனிமே இந்த ரோட்டுல ஒரு கல்லக்கூட நீங்க யாரும் நகர்த்தக் கூடாது" என்று எங்கள் சங்கத்துக்கு உத்தரவு போட்டதுதான். எங்களது சாலைப் பணி காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மதியம் ஒரு மணிக்கு நிறைவு பெற்றது. மாலையைத் தலைவர் தன் சைக்கிள் கடையிலிருந்த சாமி படத்துக்குப் போட்டுவிட்டார்.

வீட்டுக்குள் எல்லாரும் நுழைந்தபோது மணி ஒன்றரை. சங்கதி அதற்கு முன்பே சமையலறைக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் சங்கதிக்கு ரேடியேட்டர் கொதிக்காது. அக்கா காப்பித் தட்டோடு வந்தாள். தலை குனிந்து வர வேண்டும், குனிந்துதான் வந்தாள். குனிந்ததில் மாப்பிள்ளையின் முழங்கால் வரை அப்பியிருந்த சேறு கண்ணில் பட்டது. பக்கத்தில் என் மஞ்சள் கால். அவ்வளவுதான். தம்ளர்கள் தட்டில் கிடுகிடுவென்று ஆடின. அழுகிறாள் என்று அம்மா பதறிப் போனாள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்கும் நேரத்தில் விழுந்து விழுந்து சிரித்த பெண்ணை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

கூடமே பொன்னுசாமியைப் பார்த்தது. இது என்ன சகுனம்?

அவர் வாயில் பஜ்ஜி இருந்தது. மென்று முழுங்கிவிட்டு, "தட்ட மாத்துங்க ஜல்தி" என்றார். "இந்தத் தம்பிக்காரன் எழுந்திருக்கறதுக்குள்ள மாத்துங்க."

தை மாதம் கல்யாணம். அன்று என்னை மண்டபத்தின் கடைசி வரிசையில், நைனாவுக்கும் தரகருக்கும் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். அது ஒரு நாள் ஏற்பாடு என்று நினைத்தேன். இல்லை. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பெண் பார்த்தாலும், மாப்பிள்ளை பார்த்தாலும், முதல் நாள் இரண்டு காரியம் நடக்கும். வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். என்னை எங்கே வைப்பது என்று பேசுவார்கள்.

போன மாதம் அக்காவின் கடைசி மகளைப் பார்க்க எங்கள் ஊர் வீட்டுக்கு வந்தார்கள். காலை எட்டு மணிக்கே அக்கா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உள் அறையில் உட்கார வைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.

"இன்னாக்கா இது? எனக்குப் பாதித் தலை நரைச்சுப் போச்சு" என்றேன்.

"அதனாலதான் ஜன்னலத் தொறந்து வச்சிருக்கேன்" என்றாள்.

பதினொரு மணி வாக்கில் கூடத்தில் சலசலப்பு. யாரோ சொல்வது கேட்டது: மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்களாம், வழி தெரியாமல் முக்கிலேயே நிற்கிறார்களாம், யாராவது போய்க் கூட்டி வந்தால் தேவலை.

கூடத்தில் யாரோ செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு என் அக்கா புருஷன் ஏழுமலை மாமாவின் குரல், அதே உயராத குரல், மெதுவாகக் கேட்டது.

"போறது அப்பால போலாம். மொதல்ல அந்தத் தாழ்ப்பா சரியா வுழுந்து கீதான்னு யாருனா பாருங்க."